ஆறு வாரம், 179 ரிங்கிட், ஒரு கெளுத்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பினாங்கு ஜெலுத்தோங்கில் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரம். 60 கிராம் ஈயத்தைக் கட்டி, தூண்டில் ராடைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து வீசி, பெருவிரலை நரம்பு சுற்றிய ஸ்பூலிலிருந்து எடுத்தேன். உஸ்ஸென்று ஒரே சத்தம், அப்புறம் தூரத்தில் ஒரு சின்ன 'பொளக்'. நரம்பில் பத்து மீட்டருக்கு ஒன்று என்று கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தேன். திருப்பிச் சுற்றும்போது எண்ணினால் ஆறு கோடு. பக்கத்தில் நான்கு ராடை வரிசையாக ஊன்றியிருந்த சீனப் பெரியவர் இதைவிட நிறையத் தூரம் எறிந்துகொண்டிருந்தார், ஆகவே பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் என் கையில் இருந்த ரீல் இருபது வருடமாக ஒரு சுற்றுகூடச் சுற்றாதது. ஆறு வாரத்துக்கு முன்பு அதன் கைப்பிடி அசையவே இல்லை.

அது என் தாய்மாமாவின் ரீல். மாமா இளவயதில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் மெஸ்ஸில் வேலை பார்த்தார். அப்போது அங்கே ஆஸ்திரேலிய விமானப் படைக்காரர்கள் இருந்தார்கள். 1988-இல்தான் தளத்தை மலேசிய ஆகாயப் படையிடம் ஒப்படைத்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமானை விற்றுவிட்டுப் போவது வழக்கம். அப்படி ஒருவரிடம் மாமா 80 ரிங்கிட் கொடுத்து வாங்கியது இது. அந்த மாதம் வீட்டுக்குக் காசு குறைந்தது அத்தைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாமாவிடம் இரண்டு வேட்டைச் சாமான் இருந்தன. ஒன்று இந்த ரீல். இன்னொன்று, கூலிமில் இருந்த சின்னத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. அவர் போன பிறகு அத்தை முதல் வேலையாகத் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்க்க நான் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன். ஆனால் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவன் அதை வைத்திருக்க முடியாது, பழுதுபார்க்கிறேன் என்று திருப்புளி போடவும் முடியாது. ரீலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அத்தை அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, "உனக்குத்தான் இந்த மாதிரி குப்பையெல்லாம் பிடிக்குமே" என்று கொடுத்தார்.

ஆபு அம்பாசடர் 6500சி. கறுப்பு நிறம். ராடில் பிடிக்கும் காலின் அடியில் ஆறு இலக்க எண் குத்தியிருக்கிறது, 76 10 என்று தொடங்குகிறது. அந்தக் காலத்து ஆபு ரீல்களில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம். ஆக 1976 அக்டோபர். என்னைவிட மூன்று வயது மூத்தது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். மோட்டார், கன்வேயர், நியூமேட்டிக் வால்வு எல்லாம் பார்க்கிறவன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரீல் ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்துவிட்டேன். அதுதான் முதல் தப்பு.

முதல் நாள் நிலவரம் இப்படி. கைப்பிடி அசையவில்லை. டிராக் என்ற பிரேக்கை இறுக்கும் நட்சத்திரச் சக்கரம் கடைசி வரை இறுக்கப்பட்டு அப்படியே உறைந்திருந்தது. ஸ்பூலில் மஞ்சளாகிப் போன பழைய தங்சி (நைலான்) நரம்பு. இழுத்தால் சேமியா மாதிரி ஒடிந்தது. கால் பகுதியில் குரோம் கொப்புளம் விட்டிருந்தது. ஸ்பூலுக்கு முன்னால் நரம்பை இடதும் வலதுமாக ஓட்டிச் சுற்றும் அமைப்பில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. ஒரு நல்ல விஷயம், பக்கத் தகடுகளில் எங்கும் விரிசல் இல்லை.

கைப்பிடி பக்கத்தில் விரலாலேயே திருகிக் கழற்றும் மூன்று ஸ்க்ரூ இருக்கின்றன. மாமா இந்த மூன்றையும் கழற்றி, ஸ்பூலை உருவி, திண்ணையில் உட்கார்ந்து துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது மூன்றும் வரவில்லை. பிளையர் போட்டால் விளிம்பு சிதைந்துவிடும். சங்கிலிக்கு அடிக்கும் துருநீக்கி ஸ்ப்ரேயை அடித்து ஒரு இரவு விட்டேன். மறுநாள் இரண்டு வந்தன. மூன்றாவதுக்குக் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு நிமிடம் வைத்தேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பிடித்துத் திருகியதும் வந்துவிட்டது. இதில் மட்டும் நான் பொறுமையாக இருந்தேன். அடுத்த படியில் அந்தப் பொறுமை காணாமல் போனது.

கைப்பிடியின் நட்டை ஒரு சின்னத் தகடு பூட்டி வைத்திருக்கும். தகட்டின் நடுவில் ஒரு குட்டி ஸ்க்ரூ, ஒற்றைக் கோட்டுத் தலை. என்னிடம் இருந்த திருப்புளி அதன் பள்ளத்தைவிட மெல்லியது. "போதும்" என்று திருகினேன். நழுவியது. தலையில் பளபளவென்று ஒரு கீறல், பள்ளத்தின் ஒரு ஓரம் மழுங்கிவிட்டது.

அங்கேதான் நிறுத்தினேன். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ரீலை எடுத்துக்கொண்டு சூலியா ஸ்ட்ரீட் பக்கம் போனேன். அங்கே காக்கி லீமா நடைபாதையில் ஒரு சின்ன மேசை போட்டுக் கடிகாரம் பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். என் கல்யாணக் கடிகாரத்துக்கு அவர்தான் பேட்டரி மாற்றுவார். ரீலைக் கையில் வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, இதுல கை வச்சது யாரு?"

"நான்தான் பாய்."

"திருப்புளிய முதல்ல தீட்டணும். அப்புறம்தான் திருகணும்."

அவர் செய்து காட்டியது எளிமையான வேலை. கடையில் வாங்கும் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் தொடும், அழுத்தம் கொடுத்தால் ஏறி நழுவும். இரு பக்கமும் சமமாக, சரிவில்லாமல் எண்ணெய்க் கல்லில் தீட்டி, பள்ளத்துக்குள் அடி வரை இறங்கி ஆடாமல் நிற்கும்படி செய்ய வேண்டும். துப்பாக்கி பழுதுபார்க்கிறவர்களும் இதே மாதிரி தீட்டிய திருப்புளிதான் வைத்திருப்பார்கள். பாய் பத்து நிமிடம் தீட்டினார், மழுங்கிய அந்த ஸ்க்ரூவை ஒரே திருகில் எடுத்தார். காசு வாங்கவில்லை. தே தாரிக் மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

பல் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "இது கடிகாரக்காரன் செஞ்சது மாதிரில்ல இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். உண்மைதான். ஆபு கம்பெனி சுவீடனில் ஸ்வேங்ஸ்டா என்ற ஊரில் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, டாக்சி மீட்டர் செய்து, அதற்கப்புறம்தான் ரீலுக்கு வந்திருக்கிறது. அடுத்த வாரம் பாயிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

சரி, பிரித்த கதைக்கு வருகிறேன். சமையலறையில் இருந்து ஆறு குழி கொண்ட கேக் தட்டை எடுத்துக்கொண்டேன். மனைவிக்கு இன்னும் தெரியாது. கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு குழியில் போட்டேன்: பூட்டுத் தகடு, நட், கைப்பிடி, நட்சத்திரச் சக்கரம், அதற்குக் கீழே கிண்ணம் மாதிரி வளைந்த ஸ்பிரிங் வாஷர்கள். தகட்டைத் திறந்ததும் உள்ளே பெரிய பித்தளைச் சக்கரம், அதோடு கோத்துக்கொள்ளும் சின்ன பினியன், பினியனை அழுத்திப் பிடிக்கும் நுகத்தடி மாதிரி ஒரு துண்டு, அதன் இரண்டு முனையிலும் இரண்டு குட்டி ஸ்பிரிங். நுகத்தை எடுத்த நொடியில் ஒரு ஸ்பிரிங் பறந்தது. அதன் நீளம் ஒரு அரிசி மணி அளவு. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்து, முக்கால் மணி நேரம் கழித்துப் பூசை அலமாரிக்கு அடியில் கண்டுபிடித்தேன். இனிமேல் ஸ்பிரிங் உள்ள எதையும் பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத்தான் கழற்றுவேன். சி வடிவ கிளிப் ஒன்றும் பறந்தது, அது கடைசி வரை கிடைக்கவில்லை. கலவை அளவு கிளிப் டப்பா ஒன்று 9 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அதில் ஒன்று பொருந்தியது, மீதி 199 கிளிப் வாழ்நாளுக்கும் போதும்.

கைப்பிடி ஏன் சுற்றவில்லை என்பது இப்போது தெரிந்தது. துரு இல்லை. பழைய கிரீஸ்தான். இருபது வருடத்தில் கெட்டியாகி, பலாப்பழப் பால் மாதிரி எல்லாவற்றையும் ஒட்டிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் முழுவதும் போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. பித்தளைச் சக்கரத்தில் பச்சைக் களிம்பு ஓரத்தில் ஒட்டியிருந்தது. வெள்ளை வினிகரில் உப்பைக் கலந்து ஊறவைத்தால் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வீட்டு வைத்தியம். பத்து நிமிடம் போதும். எனக்கு அன்று இரவு ஷிப்ட். போட்டுவிட்டுப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் களிம்பு இல்லை, ஆனால் மஞ்சளாக இருந்த சக்கரம் செம்புச் சொம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை அமிலம் மேல்மட்டத்திலிருந்து தின்றுவிட்டது, மிஞ்சியது செம்பு. வயிறு கலங்கிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். முனைகள் கூர்மையாகவே இருந்தன, எதுவும் நொறுங்கவில்லை. விளக்கு துலக்கும் பேஸ்ட்டைப் போட்டுத் தேய்த்ததில் பெரும்பகுதி நிறம் திரும்பியது. பற்களுக்கு இடையில் இன்னும் இளஞ்சிவப்பு இருக்கிறது. அது என் கையெழுத்து.

அடுத்தது டிராக். பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக் இது. பித்தளைச் சக்கரத்தின் குழிக்குள் உலோக வாஷரும் நார் வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். இருபது வருடம் முழு இறுக்கத்தில் கிடந்ததால் நார் வாஷர்கள் அழுந்திக் கண்ணாடி மாதிரி பளபளத்தன. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. பழைய வாஷரோடு எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி, வேறு நரம்பைச் சுற்றித் தராசில் கட்டி இழுத்தேன். 4 கிலோ வரை அசையவில்லை, திடீரென்று விட்டு 1.5 கிலோவுக்கு விழுந்தது, மறுபடி பிடித்தது. மீனோடு இருந்திருந்தால் அந்த ஒரு குதிப்பில் நரம்பு போயிருக்கும்.

கார்பன் வாஷர் ஒரு செட் 42 ரிங்கிட். ஆன்லைனில் வாங்கினேன், நான்கு நாளில் வந்தது. மாட்டிய பிறகு 2.5 கிலோவுக்கு வைத்து இழுத்தால் 2.6, 2.7, 2.6 என்று முள் அங்கேயே நிற்கிறது. மொத்த வேலையிலும் நான் தப்பே செய்யாத ஒரே பகுதி இதுதான், அதனால்தான் எண்களோடு சொல்கிறேன். இனி கரையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரச் சக்கரத்தை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் ரீலை வைக்க வேண்டும். மாமாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கடைசியாகக் கரையிலிருந்து வந்த அன்று, இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்த வருடம் அது.

பேரிங் இரண்டு. பெயரின் கடைசியில் உள்ள 'சி' அதைத்தான் குறிக்கிறது, ஸ்பூல் பந்து பேரிங்கில் ஓடும். ஒன்று உப்பில் இறுகியிருந்தது, மற்றது மணல் அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. வெர்னியர் காலிப்பரில் அளந்தேன்: வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், உள்விட்டம் 3, அகலம் 4. ரீலுக்கென்று விற்கும் பேரிங் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த மூன்று எண்ணைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைக்கும். துருப்பிடிக்காத இரும்பில் இரண்டும் சேர்த்து 28 ரிங்கிட்.

இங்கேதான் அடுத்த தப்பு. கடலில் போடப்போகிறோம், உப்புத் தண்ணீர், நிறைய கிரீஸ் வேண்டும் என்று மெயின்டனன்ஸ் புத்தி சொன்னது. 15 ரிங்கிட்டுக்கு வாங்கிய மெரின் கிரீஸை இரண்டு பேரிங்கிலும் நிரம்ப அடைத்தேன். பல் சக்கரத்துக்குச் சரி. ஸ்பூல் பேரிங்குக்கு அது விஷம். ஸ்பூலை விரலால் சுண்டினால் 4 விநாடியில் நின்றது. எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்துத் திடலில், ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில் கொக்கி இல்லாமல் வெறும் ஈயத்தைக் கட்டி வீசிப் பார்த்தேன். 25 மீட்டர். கையாலேயே எறிந்திருக்கலாம்.

பாயிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "கடிகாரத்துக்குக் கிரீஸ் அப்புவீங்களா?" என்றார். 7 ரிங்கிட்டுக்கு லைட்டர் திரவம் வாங்கி, பேரிங்கை அதில் மூன்று முறை அலசி, உலர்ந்ததும் 4 ரிங்கிட் தையல் மெஷின் எண்ணெயில் ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு. மறுபடி சுண்டினேன். 19 விநாடி. இப்படி எண்ணெய் மட்டும் விட்டால் அடிக்கடி கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்த பிறகும் ஒரு சொட்டு விடுகிறேன். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இனி எல்லாம் சரி என்று நினைத்துப் புது நரம்பு சுற்றினேன். 30 பவுண்டு பின்னல் நரம்பு, 55 ரிங்கிட். சுற்றும்போதே பிரச்சினை தெரிந்துவிட்டது. நரம்பு ஒரு பக்கமாகவே மலை மாதிரி குவிந்தது. நரம்பை ஓட்டும் அமைப்பு பாதி தூரம் போய் நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் துள்ளித் திரும்புகிறது.

அந்த அமைப்பில் குறுக்கு மறுக்காகப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டு சுழலும். பள்ளத்துக்குள் பிறை மாதிரி நுனியுள்ள ஒரு சின்னக் கொக்கி ஓடும். அதை ரீல்காரர்கள் பால் என்பார்கள். மாட்டுப்பால் இல்லை. நகத்தளவுகூட இல்லாத அந்தத் துண்டுதான் ரீலில் முதலில் தேயும். மாமாவினுடையது ஒரு பக்கம் கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்தபோது அதை நான் கவனிக்கவே இல்லை. பளபளப்பாக இருந்ததே, போதும் என்று விட்டுவிட்டேன்.

புதிதாக ஒன்றை ஆர்டர் செய்தேன். 19 ரிங்கிட், பதினோரு நாள் காத்திருப்பு. வந்தது பள்ளத்துக்குள் இறங்கவில்லை. என் ரீலுக்கு என்று எழுதியிருந்தது, ஆனால் நுனி தடிமன் வேறு. அரத்தில் தேய்த்துப் பொருத்தலாமா என்று யோசித்து, கையில் அரத்தை எடுத்தும் விட்டேன். நல்ல வேளை, வினிகர் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பிறை ஊரில் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். ரீல் என்ன ஆச்சு என்று கேட்டார். பாலைப் பற்றிச் சொல்லி, என் விரல் நகத்தைக் காட்டி, "இவ்ளோதான் அத்தை, இது இல்லாம மொத்தமும் வீண்" என்றேன். அத்தை எழுந்து போய் ஒரு பழுப்பு நிற ஜிப் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் கோவில் உண்டியலுக்கு எடுத்து வைத்த சில்லறை, சட்டைப் பொத்தான்கள், ஒரு ஊசிக்கட்டு. அடியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பா. "தையல் மிஷின் சாமான்னு வச்சிருந்தேன். பாரு" என்றார்.

டப்பாவில் புத்தம் புதிதாக ஒரு பால். அதோடு துவரம்பருப்பு அளவில் இரண்டு நார்த்துண்டு. பையே ரீலின் பை. மாமா உதிரிச் சாமானை அதிலேயே போட்டு வைத்திருந்திருக்கிறார். அவர் மீன் பிடிப்பதை நிறுத்தியதும் பை அத்தையிடம் சில்லறைப் பை ஆகிவிட்டது.

நார்த்துண்டு என்னவென்று எனக்கு உடனே புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பூலின் ஓரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அங்கே எதிரெதிராக இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு துண்டு கோத்திருக்க வேண்டும். ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது அவை வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசி வேகத்தைக் கட்டுப்படுத்தும். என்னுடையதில் ஒன்றுதான் இருந்தது. மற்றது எப்போது விழுந்ததோ. மண்ணெண்ணெயைக் கொட்டியபோது சாக்கடைக்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டையும் புதிதாக மாட்டினேன்.

பூட்டிய முறைகளின் எண்ணிக்கை மூன்று. முதல் முறை, கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் கொக்கியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன், கைப்பிடி இரண்டு பக்கமும் சுற்றியது. இரண்டாம் முறை நுகத்தடியின் ஸ்பிரிங் ஒன்று குழியில் உட்காரவில்லை, பட்டனை அழுத்தினால் ஸ்பூல் விடுபட்டது, ஆனால் திரும்பப் பிடிக்கவில்லை. கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடுத்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. எடுத்தேன், ஆனால் மொத்தம் நான்கு. அதில் ஒன்றில் என் கட்டைவிரல்தான் தெரிகிறது.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக உட்கார்ந்தது. திடலில் முதல் வீச்சு. ஈயம் தரையில் விழுந்த பிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது, நரம்பு ஸ்பூலில் தலைவிரி கோலமாகக் கிளம்பியது. ரீலின் தப்பு இல்லை. இதுவரை கையில் பிடித்த ரீல்களில் பெருவிரலுக்கு வேலையே இல்லை. இதில் ஈயம் விழும் நொடியில் விரலை ஸ்பூலில் வைக்க வேண்டும். சிக்கை எடுக்க முடியாமல் 30 மீட்டர் நரம்பை வெட்டி எறிந்தேன். பக்கத்தில் உள்ள இறுக்க மூடியைக் கொஞ்சம் இறுக்கி, ராடை நிமிர்த்திப் பிடித்தால் ஈயம் தானாக மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி வைத்தேன். பத்துப் பதினைந்து வீச்சுக்கு அப்புறம் விரல் கற்றுக்கொண்டது.

செலவுக் கணக்கு: கார்பன் வாஷர் 42, பேரிங் 28, உதவாத பால் 19, கிளிப் டப்பா 9, லைட்டர் திரவம் 7, தையல் மெஷின் எண்ணெய் 4, கிரீஸ் 15, நரம்பு 55. மொத்தம் 179 ரிங்கிட். அத்தையின் பையை முதலிலேயே திறந்திருந்தால் 160. இந்தக் காசுக்குக் கடையில் ஒரு நல்ல புது ரீலே வாங்கலாம் என்று மனைவி சொன்னாள். வாங்கலாம்தான்.

போன ஞாயிறு கடலோரத்தில் மூன்று மணி நேரம் இருந்தேன். உயிர் இறால் கோத்து, தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போனது. எட்டே கால் மணிக்கு ராட் முனை இரண்டு முறை துடித்து, அப்புறம் நன்றாக வளைந்தது. டிராக் ஒரு அரைச் சுற்று விட்டது, பிடித்தது, மறுபடி விட்டது. குதிக்கவில்லை. கெளுத்தி, முக்கால் கிலோ இருக்கும். முள்ளில் விஷம் இருப்பதால் பிளையரால் பிடித்துத்தான் கொக்கியை எடுத்தேன். சீனப் பெரியவர் எட்டிப் பார்த்து, "துரி?" (மலாயில் கெளுத்தி) என்று கேட்டுவிட்டுத் தன் ராடுகளுக்குத் திரும்பிவிட்டார். அவர் வாளியில் நல்ல சைஸ் சியாகாப் (கொடுவா) ஒன்று கிடந்தது.

மீனைக் கையோடு பிறைக்குக் கொண்டுபோனேன். அத்தை மீனைப் பார்க்கவில்லை, ரீலை வாங்கிக் கைப்பிடியை நாலு சுற்று சுற்றினார், மூக்குக்கிட்டே வைத்தார்.

"என்னடா தையல் மிஷின் வாசன அடிக்குது. உங்க மாமாது எப்பவும் எறா வாசனதான்."

"இன்னும் நாலு தடவ மீன் பிடிக்கப் போனா வந்துரும் அத்தை."

பையை மட்டும் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன், ரீலோடு சேர்ந்ததாச்சே என்று. சில்லறையை எதில் போடுவது என்று கேட்டுத் தரமாட்டேன் என்றுவிட்டார். ரீல் இப்போது என் பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் இருக்கிறது, டிராக் தளர்த்தி.